ஒரே கேள்வியை ஏன் மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள்?

'ஊழியர்கள் உடனே கவனித்தார்கள்', 'கேட்ட உதவி தாமதமில்லாமல் கிடைத்தது', 'எவ்வளவு வேலை இருந்தாலும் எனக்குப் பதில் சொன்னார்கள்'. சேவை பற்றிய கருத்துக்கணிப்புகளில் இப்படி ஒரே விஷயத்தைச் சுற்றிச் சுற்றிக் கேட்கிறார்களே, ஒரு தடவை கேட்டால் போதாதா என்கிறார் ஒரு வாசகர்.

போதாது. பதில்களுக்கு 1 முதல் 5 வரை எண் கொடுத்துக் கூட்டுவது 1932-இல் உளவியலாளர் ரென்சிஸ் லிக்கர்ட் காட்டிய வழி. ஒவ்வொரு எண்ணிலும் உண்மையோடு கொஞ்சம் பிசிறும் ஒட்டிக்கொண்டு வரும்: அன்றைய தலைவலி, அரைகுறையாகப் படித்தது, கை தவறிப் போட்ட டிக். பல கேள்விகளைக் கூட்டும்போது பிசிறு ஒன்றில் ஏறும், இன்னொன்றில் இறங்கும். உண்மை மட்டும் ஒரே பக்கமாகச் சேரும்.

சரி, சேர்கிறது என்று எப்படித் தெரியும்? பதில் சொன்னவரின் மனசுக்குள் இருப்பது நமக்குத் தெரியாதே! 1951-இல் உளவியலாளர் லீ க்ரோன்பாக் எழுதிய கட்டுரையால் பிரபலமான, கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று அளக்கும் 'ஆல்பா' என்ற கணக்கு இங்கேதான் வருகிறது. எனக்கு அதன்மேல் தனிப் பிரியம். இரண்டு கேள்விகள், ஒவ்வொன்றின் விலக்க வர்க்கச் சராசரியும் (பதில்கள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதன் அளவு) 1 என்று வையுங்கள். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லையென்றால் கூட்டுத்தொகையின் விலக்க வர்க்கச் சராசரி 2. இரண்டும் அச்சு அசலாகச் சேர்ந்தே ஏறி இறங்கினால் 2 இல்லை, 4! அந்த உபரிதான் இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்றின் தடயம். முதல் நிலைக்கு ஆல்பா 0, இரண்டாவதற்கு 1. ஒட்டுறவு, அதாவது இரண்டும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்ற அளவு, 0.5 என்றால் விலக்க வர்க்கச் சராசரி 3, ஆல்பா சுமார் 0.67. யார் மனசையும் திறந்து பார்க்காமலே இவ்வளவு தெரிகிறது.

ஆனால் ஆல்பாவை ஏமாற்றுவது சுலபம். ஒரே வாக்கியத்தை நாலு விதமாக எழுதினால் 0.95 வந்துவிடும். அதைப் பெருமையாகப் போடும் ஆய்வறிக்கைகளைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வருகிறது. நல்ல அளவுகோல் கழித்துக் கழித்துத்தான் உருவாகும். பரசுராமன், சைத்தாமல், பெர்ரி மூவரும் 1988-இல் வெளியிட்ட, சேவைத் தரத்தை அளக்கும் 'செர்வ்குவால்' 97 கூற்றுகளில் தொடங்கி 22-இல் நின்றது.

அப்புறம், படிக்காமலே எல்லாவற்றுக்கும் 5 போடுபவர்கள். அவர்களும் ஆல்பாவை ஏற்றிவிடுவார்கள். இவர்களைப் பிடிக்க, நடுவே 'காத்திருந்தே சலித்துவிட்டது' என்று எதிர்ப்பொருளில் திருப்பிப் போட்டுக் கேட்பதுண்டு. ஆனால் அந்தத் திருப்பத்தில் நிதானமாகப் படிப்பவரும் தடுமாறுவார். செர்வ்குவாலிலும் இப்படிச் சில இருந்தன. 1991-இல் அதைத் திருத்தியபோது அந்த மூவரே எல்லாவற்றையும் நேர்க் கூற்றுகளாக மாற்றிவிட்டார்கள்.