வீதம் இருக்க ‘அலகு விகிதம்’ எதற்கு?

நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விலை ஒப்பிடச் சொல்லித்தரும் மொழிபெயர்ப்புப் பாடங்கள் இப்போது நிறையவே கண்ணில் படுகின்றன. ‘யூனிட் ரேட்’ என்று மூலத்தில் இருப்பதைப் பலரும் ‘அலகு விகிதம்’ என்று எழுதிவிடுகிறார்கள். ஒருமுறை இருமுறை என்றால் அச்சுப்பிழை என்று விட்டுவிடலாம். பார்க்கிற தாளில் எல்லாம் அதுவே இருந்தால் எப்படி?

பொருள் எளிது. 250 கிராம் கருப்பட்டி 95 ரூபாய், 400 கிராம் 140 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எது மலிவு என்று அப்படியே பார்த்தால் தெரியாது. இரண்டையும் ஒரு கிலோவுக்குக் கொண்டுவந்தால் 380, 350 என்று வரும். ஏதாவது ஓர் அளவில் ஒன்றுக்கு என்ன விலை என்பதுதான் யூனிட் ரேட்.

இதில் விகிதம் எங்கே வந்தது? ஒரே அலகில் உள்ள இரண்டு அளவுகளை ஒப்பிடுவது விகிதம். விகிதத்துக்கு அலகு கிடையாது. ஆறாம் வகுப்பிலேயே இதைப் பிள்ளைகள் படித்துவிடுகிறார்கள். வகுப்பில் ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் 3:2 என்றால் அது விகிதம். கிலோவுக்கு 350 ரூபாய் என்பதில் ஒரு பக்கம் எடை, மறுபக்கம் பணம். அது வீதம். அலகே கிடையாது என்று சொல்லிக்கொடுத்த ஒன்றின் தலையில் அலகு என்ற சொல்லையே ஏற்றி, அடுத்த வகுப்பில் அதே பிள்ளையிடம் நீட்டுகிறோம். குழம்பினால் ‘கணக்கு வராத பிள்ளை’ என்று பெயர் வைத்துவிடுவோம்.

விகிதம் என்பது வடமொழி விஹிதத்தின் தமிழ் வடிவம். அடிப்படைப் பொருள் ‘விதிக்கப்பட்டது’. வீதமும் அதே சொல்லின் தேய்வு என்பார்கள். இருக்கட்டும். பிறப்பு ஒன்றானாலும் பிழைப்பு வேறாகிவிட்டது. ‘தலைக்கு ஐந்து வீதம்’ என்று சொல்கிற ஆள் ‘தலைக்கு ஐந்து விகிதம்’ என்று தப்பித்தவறிக்கூடச் சொல்ல மாட்டார்.

திருநெல்வேலிச் சீமையில் இதை விளக்கவே வேண்டியதில்லை. 21 மரக்கால் ஒரு கோட்டை என்று நெல் அளந்த ஊர் இது. கோட்டைக்கு இத்தனை மரக்கால் வீதம், மரக்காலுக்கு இத்தனை ரூபாய் வீதம் என்று பேசியவர்களுக்கு யூனிட் ரேட் புதுச் சரக்கா? கவனியுங்கள், வீதம் என்றாலே ‘ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு’ என்பது உள்ளே வந்துவிடுகிறது. அலகு என்று தனியாக முன்னொட்டுப் போட வேண்டிய அவசியமே பாதி இடங்களில் இல்லை.

பாடநூலுக்குக் கறாரான பெயர் ஒன்று வேண்டும் என்றால் ‘ஓரலகு வீதம்’ போதும். விலை மட்டும் என்றால் ‘ஓரலகு விலை’. ஓரலகு முறை என்று ஏற்கெனவே கணக்குப் புத்தகத்தில் இருப்பதோடும் அது ஒட்டிப்போகும். வெறும் ‘அலகு விலை’ எனக்குப் பிடிக்கவில்லை, ‘ஓர்’ விழுந்துவிட்டால் ஒன்றுக்கு என்ற கருத்தும் விழுந்துவிடுகிறது. ‘யூனிட் விலை’ என்று எழுதினாலோ, பையன் கரண்டு பில்லைத்தான் நினைப்பான்.

தூய தமிழ் அன்பர்கள் வீதமே வேண்டாம் என்பார்கள். அவர்கள் சொல்லும் விழுக்காடு நல்ல சொல்தான், பங்கு, வீதம் என்ற பொருளில் வழங்கிய சொல். அதைப் பிடித்து நூற்றுக்கு மட்டும் என்று கட்டிப்போட்டதும் நாம்தான். ஆனால் அதன் வேரான ‘விழு’ இன்னும் கடைத்தெருவில் உயிரோடு இருக்கிறது. பாளையங்கோட்டை மார்க்கெட்டில் “அண்ணாச்சி, கூறு எவ்வளவு?” என்று கேட்கிற பெண், அடுத்த நொடியில் மகனிடம், “அப்ப கிலோ என்ன விலைக்கு விழுதுன்னு பாருலே” என்பார். கூறு 20 ரூபாய், தக்காளி 600 கிராம் தேறும் என்றால் கிலோ 33 ரூபாய்க்கு மேல் விழுகிறது. பக்கத்தில் தராசில் கிலோ 30. இந்த ‘விழுது’ என்ற ஒரு சொல்லை வைத்தே பாடத்தை நடத்திவிடலாம். மொழிபெயர்ப்பாளர்கள் சந்தைப் பக்கம் போவதில்லையோ என்னவோ. (முழம் கணக்கில் பூ வாங்குகிறவர்களுக்கு மட்டும் நான் பொறுப்பல்ல. அங்கே ஓரலகு என்பது அளக்கிறவரின் கை.)

செய்தித்தாள்களும் இதில் சளைத்தவை அல்ல. வட்டி விகிதம், பிறப்பு விகிதம், வளர்ச்சி விகிதம், எதை எடுத்தாலும் விகிதம்தான். இலங்கைத் தமிழர்கள் வட்டி வீதம், நாணய மாற்று வீதம் என்று சுத்தமாக எழுதுகிறார்கள். பாலின விகிதம் என்று நாம் எழுதுவது சரி, அது உண்மையிலேயே விகிதம். எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டால் இந்த வேறுபாட்டை அப்புறம் எதை வைத்துச் சொல்வது?

வீதத்துக்கு இன்னொரு நல்ல குணம் உண்டு. எதற்கு என்று சொல்லாமல் அது நிற்காது: கிராமுக்கு, கிலோவுக்கு, லிட்டருக்கு. பொட்டலப் பொருள்களுக்கான எடையளவு விதிகளை 2021-ல் திருத்தினார்கள். சில பொருள்களை இன்ன இன்ன அளவுப் பொட்டலத்தில்தான் விற்க வேண்டும் என்ற கட்டாயம் போய், ஓரலகு விலையை அச்சிட வேண்டும் என்று வந்தது. ஒரு கிலோவுக்குக் குறைந்த பொட்டலத்தில் கிராமுக்கு, கூடியதில் கிலோவுக்கு. ஆகவே ஒரு சின்னப் பொட்டலத்தில் 0.38 என்றும், கிலோவுக்கு மேற்பட்ட பெரிய பொட்டலத்தில் 350 என்றும் இருக்கும். ‘அலகு விகிதம் 0.38’ என்று படித்த பிள்ளை அதுதான் மலிவு என்று எடுத்துவிடும். ‘கிராமுக்கு 0.38 ரூபாய் வீதம்’ என்று படித்த பிள்ளை ஆயிரத்தால் பெருக்கும்.

வகுப்பில் கொடுக்க நல்ல கணக்கு ஒன்று உண்டு. நல்லெண்ணெய் ஒரு கடையில் லிட்டர் 300 ரூபாய், இன்னொரு கடையில் கிலோ 320. பிள்ளைகள் உடனே லிட்டர்தான் மலிவு என்பார்கள். ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 920 கிராம்தான் இருக்கும் என்று சொல்லி, வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். லிட்டர் கடையில் கிலோ ஏறக்குறைய 326 ரூபாய்க்கு விழும்.