சின்ன ஹோட்டல்தானே என்று அசந்து தூங்காதீர்கள்

போன வாரம் சென்னையில் ஒரு சின்ன சொகுசு ஹோட்டலுக்குத் தீப் பாதுகாப்பு ஆய்வுக்காகப் போயிருந்தேன். நான்கு தளம், மொத்தமே 14 அறைகள். நடுவில் தேக்குப் படிக்கட்டு, சுவரெல்லாம் மரப்பலகை, கனத்த திரைச்சீலைகள். பின்பக்க அவசரப் படிக்கட்டைத் திறக்கச் சொன்னேன். சாவி கிடைக்கவே இருபது நிமிடம் ஆனது. உள்ளே மெத்தைகளும் சலவைத் துணி மூட்டைகளும் அடைந்து கிடந்தன. "இந்தப் பக்கம் கெஸ்ட் யாரும் வரமாட்டாங்க சார்" என்றார் மேலாளர். இந்த ஆண்டில் நான் பார்க்கும் ஐந்தாவது பூட்டு இது.

அவர் மேல் மட்டும் கோபமில்லை. ஓர் இரவுக்குப் பதினைந்தாயிரம் கொடுத்துத் தங்குபவர்களில் ஒருவர்கூட அந்தக் கதவைப் பற்றிக் கேட்டதில்லையாம்.

"சின்ன இடம்தானே, ஏதாவது என்றால் நாலே எட்டில் வெளியே வந்துவிடலாம்." படித்தவர்கள், ஏன், என் நண்பர்களே இப்படித்தான் சொல்கிறார்கள். வர முடியாது. முறையாகக் கட்டிய பெரிய ஹோட்டலில் அவசரப் படிக்கட்டு தீத்தடுப்புக் கதவுக்குப் பின்னால் தனியாக இருக்கும். இங்கேயோ பின்பக்கப் படிக்கட்டு பூட்டிக் கிடந்தால், அழகுக்காகத் திறந்து விட்ட ஒரே படிக்கட்டுதான் எல்லாத் தளத்துக்கும் வழி. கீழே பற்றினால் அதுவே புகைபோக்கி ஆகிவிடும். நீங்கள் இறங்க வேண்டிய வழியில் உங்களுக்கு முன்பே புகை ஏறி வந்து நிற்கும். தேசியக் கட்டட விதித்தொகுப்பு 15 மீட்டரிலிருந்துதான் உயர்மாடிக் கட்டடம் என்று கணக்கெடுக்கிறது. இந்த மாதிரி ஹோட்டல்கள் பெரும்பாலும் அந்த உயரத்தைத் தொடுவதில்லை, அதனால் கடுமையான விதிகள் பலவும் இவற்றைத் தொடுவதில்லை.

2019 பிப்ரவரி 12 அன்று தில்லி கரோல் பாகில், விடியும் முன் பற்றிய ஹோட்டல் தீயில் 17 பேர் இறந்தார்கள். நடைவழியில் மரப்பலகை பதித்திருந்தார்கள். 2022 செப்டம்பரில் லக்னோவில் நால்வர். அங்கே ஜன்னல் கம்பிகளே மீட்க வந்தவர்களுக்குத் தடையாக நின்றன. இரண்டு இடத்திலும் பெரும்பாலானோரைக் கொன்றது நெருப்பல்ல, புகை.

சரி, பெட்டியை வைத்ததும் காபி சொல்வதற்கு முன் வெளியே வாருங்கள். இரண்டாவது படிக்கட்டு எங்கே என்று கேளுங்கள். கேட்டால் போதாது, நடந்து போய்க் கதவைத் தள்ளிப் பாருங்கள். உங்கள் அறையிலிருந்து அதுவரை எத்தனை கதவுகள் என்று எண்ணிக்கொள்ளுங்கள், புகையில் கண் உதவாது. பூட்டியிருந்தால் ரிசப்ஷனில் சத்தம் போடுங்கள். திறக்க மறுத்தால் வேறு ஹோட்டல் பாருங்கள். சிகரெட் பிடிப்பதற்காகப் புகை உணரியை ஷவர் கேப்பால் மூடுபவர்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், பக்கத்து அறையில் குழந்தை தூங்கும்.

இரவில் தீ எச்சரிக்கை மணி அடித்தால் புறங்கையால் கதவைத் தொட்டுப் பாருங்கள். சூடில்லை என்றால் கீ கார்டை எடுத்துக்கொண்டு வெளியேறுங்கள். நடைவழியில் புகை இருந்தால் திரும்பி வர அந்தக் கார்டு வேண்டும், கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். லிஃப்ட் பக்கமே போகாதீர்கள். கதவு சூடாக இருந்தால் திறக்க வேண்டாம். ஈரத் துண்டால் கதவின் அடி இடுக்கை அடையுங்கள், ஏசியை அணையுங்கள், ஜன்னலருகே நின்று 101-ஐ அழைத்து அறை எண்ணைச் சொல்லுங்கள்.

அப்புறம், வயதான பெற்றோரோடு போகிறீர்களா? மேல்தள அறையின் காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் முதல் தளத்திலேயே அறை கேளுங்கள்.