அரேயிலிருந்து எடுத்தது உண்மையிலேயே போய்விட்டதா?

வார்கிராஃப்ட் 3 என்ற கணினி விளையாட்டில், அலை அலையாக எதிரிகள் வரும் ஒரு மேப் (நாமே எழுதும் ஆட்டக்களம்). முதல் அரை மணி நேரம் எந்தக் குறையும் இல்லை. அப்புறம் புதிதாக வரும் எதிரிகள் மட்டும் வந்த இடத்திலேயே நிற்கிறார்கள், பழையவர்கள் வழக்கம்போல நடக்கிறார்கள். பிழைச்செய்தி எதுவும் இல்லை. நான் எழுதிய மேப்பில் நடந்தது இது. பிறகு மற்றவர்கள் பார்க்கச் சொல்லி அனுப்பிய மேப்களிலும் இதே கோளாறை அடிக்கடி பார்த்திருக்கிறேன். காரணம், அரேயிலிருந்து (ஒரே பெயரில் பல மதிப்புகளை வரிசையாக வைக்கும் பட்டியல்) ஒன்றை எடுக்கும்போது நடக்கும் தவறு. அதனால்தான் எழுதுகிறேன்.

மேப்பை எழுதப் பயன்படும் ஜாஸ் (JASS) மொழியில் அரேயின் அளவு நம் கையில் இல்லை. நெடுங்காலம் 8,192 இடங்கள்தான். 2018இல் வந்த 1.29 பேட்ச் அதை 32,768 ஆக்கியது. அரேயை ஃபங்ஷனுக்கு அனுப்பவும் முடியாது, திருப்பி வாங்கவும் முடியாது. எனவே டைனமிக் அரே (தேவைக்கேற்ப வளரும் அரே) வேண்டுமென்றால் நாமே கட்ட வேண்டும். ஒரு பெரிய குளோபல் அரேயைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டியலுக்கும் தொடக்க இடம், கொள்ளளவு, நீளம் என்று மூன்று எண்களை வைத்துக்கொள்வது பழைய வழி. 2009இல் ஹேஷ்டேபிள் (இரண்டு சாவி கொடுத்து மதிப்பை எடுக்கும் அட்டவணை) வந்த பிறகு, பட்டியலின் எண்ணை ஒரு சாவியாகவும் இன்டெக்ஸை (பட்டியலில் உள்ள இட எண்ணை) இன்னொரு சாவியாகவும் வைத்து எளிதாக முடித்துவிடலாம்.

துண்டு வழியில் போனால், இடம் நிரம்பும்போது எல்லாவற்றையும் பெரிய துண்டுக்கு நகலெடுக்க வேண்டும்; அப்போது கொள்ளளவை இரட்டிப்பாக்குங்கள். பத்துப் பத்தாகக் கூட்டினால் 1,000 யூனிட் (எதிரி போலக் களத்தில் நடமாடும் உருவம்) சேர்வதற்குள் 49,500 முறை நகலெடுக்க வேண்டியிருக்கும். 4இல் தொடங்கி இரட்டிப்பாக்கினால் 1,020 முறைதான். அளவுகள் 8, 16, 32 என்றே இருப்பதால், காலியான துண்டை அதே அளவு கேட்கும் அடுத்த பட்டியலுக்குத் தரவும் வசதி. ஒரு எச்சரிக்கை: தொடக்க இடத்தை லோக்கல் மாறியில் எடுத்து வைத்துவிட்டு, நடுவில் ஒன்றைச் சேர்க்காதீர்கள். பட்டியல் வேறு துண்டுக்கு மாறியிருக்கலாம். கையில் இருப்பது பழைய முகவரி.

சேர்ப்பதைப் பெரும்பாலும் எல்லோரும் சரியாகவே எழுதுகிறார்கள். தவறு நடப்பது எடுக்கும்போதுதான். என் மேப்பில் இறந்த யூனிட்டின் இடத்தை வெறுமையாக்கியிருந்தேன், ஆனால் நீளத்தைக் குறைக்கவில்லை. எதிரிகளை நகர்த்தப் பட்டியலை முதலிலிருந்து சுற்றிவரும் லூப் ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கான வெற்று இடங்களைத் தாண்டித்தான் உயிரோடு இருப்பவர்களிடம் போனது. ஒரே ஓட்டத்தில் ஒரு ஸ்கிரிப்ட் சுமார் 3 லட்சம் செயல்கள்தான் செய்யலாம்; தாண்டினால் எஞ்சின் சத்தமில்லாமல் அதை நிறுத்திவிடும். ஒரு இடத்துக்கு 50 செயல் என்று வைத்தால் 6,000 இடங்களிலேயே எல்லாம் தீர்ந்தது. கடைசியில் சேர்ந்தவர்கள் வரை லூப் போகவே இல்லை, அதனால் நின்றுவிட்டார்கள்.

வரிசை முக்கியமில்லை என்றால், கடைசி உறுப்பை எடுத்துக் காலி இடத்தில் வையுங்கள், நீளத்தில் ஒன்றைக் கழியுங்கள். பிறகு அந்தக் கடைசி இடத்தை நல் (null, வெற்று மதிப்பு) ஆக்குங்கள். இந்த மூன்றாவது வேலையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு ஹேண்டிலை (யூனிட் போன்ற ஒரு பொருளைச் சுட்டும் எண்ணை) ஏதாவது ஒரு குளோபல் அரே பிடித்துக்கொண்டிருக்கும் வரை அதன் எண் மறுபடி பயன்பாட்டுக்கு வராது. நீளத்துக்கு அப்பால் கிடப்பதால் நம் கண்ணில் படாது, ஆனால் கசிவு நடந்துகொண்டே இருக்கும்.

லூப்புக்குள்ளேயே எடுப்பதானால் பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். இடம் மாறி வரும் உறுப்பு ஏற்கெனவே பார்த்து முடித்ததாக இருக்கும். ஆனால் இதுவும் முழுப் பாதுகாப்பு இல்லை. லூப்பில் நீங்கள் கொடுத்த சேதத்தால் வேறொரு யூனிட் செத்தால், அதன் மரண ட்ரிகர் (யூனிட் செத்ததும் ஓடும் ஸ்கிரிப்ட்) அங்கேயே உடனே ஓடி, அதே பட்டியலிலிருந்து இன்னொன்றை எடுத்துவிடும். பார்த்து முடித்த உறுப்பு ஒன்று இன்னும் பார்க்காத பகுதிக்குப் போய், ஒரே யூனிட்டுக்கு இரண்டு தடவை அடி விழும். இதைப் பிடிக்க எனக்குப் பல நாள் ஆனது. இப்போதெல்லாம் மரண ட்ரிகரில் அடையாளம் மட்டும் போடுகிறேன். லூப் முடிந்த பிறகுதான் அகற்றல்.

2019இல் 1.31 பேட்சோடு ஜாஸுக்கு மாற்றாக லுவா மொழி வந்தது. அதன் டேபிள் (அரேயாகப் பயன்படுவது) தானாக வளரும் என்பதால் இந்தத் தொல்லை எல்லாம் ஒழிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். நடுவில் நில் (nil, லுவாவின் வெற்று மதிப்பு) வைத்தால் ஓட்டை விழும், பிறகு நீளக் குறி (#) தரும் எண்ணை நம்ப முடியாது. பேர்ஸ் (pairs) ஃபங்ஷன் கொண்டு சுற்றும்போது கிடைக்கும் வரிசை ஒவ்வொரு கணினியிலும் வேறாக இருக்கலாம்; பல பேர் ஆடும் ஆட்டத்தில் அந்த வரிசைப்படி யூனிட் உருவாக்கினால் டிசிங்க் ஆகி (கணினிகளின் ஆட்ட நிலை ஒன்றுக்கொன்று பொருந்தாமல்) ஆட்டக்காரர் வெளியே போய்விடுவார். எண் இன்டெக்ஸ் வைத்தே சுற்றுங்கள்.

மேப்பை வெளியிடும் முன் நான் தவறாமல் செய்யும் சோதனை ஒன்று உண்டு. ஒரு டைமர் வைத்து 10,000 யூனிட்டை உருவாக்கி உருவாக்கிக் கொல்வேன். நிமிடத்துக்கு ஒருமுறை பட்டியலின் நீளத்தையும் அதுவரை தொட்ட உச்ச இன்டெக்ஸையும் திரையில் காட்டச் சொல்வேன். எல்லாம் செத்த பிறகு நீளம் 0 என்று வந்தால்தான் மேப் வெளியே போகும்.