படித்துறையில் தூரிகை கழுவும் முன்

நீர்வண்ணத்தில் ஆற்றை வரைய வேண்டுமென்றால், நெல்லையில் தாமிரபரணிக் கரையிலுள்ள குறுக்குத்துறைப் படித்துறைக்குக் காலை ஆறரை மணிக்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். ஆற்றுக்குள் நிற்கும் முருகன் கோயிலும் கல்மண்டபங்களும் கரையோர மருத மரங்களும் அந்த நேரத்தில்தான் தண்ணீரில் கலையாமல் தெரியும். எட்டு மணி தாண்டினால், அடுத்த நிறத்தைக் குழைப்பதற்குள் காகிதத்தின் ஈரம் காய்ந்துவிடும். வானத்தையும் ஆற்றையும் ஒரே ஈரத்தில் இழுக்க முடியாது. இதையெல்லாம் பல வருடங்களாக மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். படம் முடிந்தபின் தூரிகை கழுவிய குவளைத் தண்ணீரை என்ன செய்வது என்று மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்ததும் பன்னிரண்டு பிள்ளைகளும் குவளைகளை ஆற்றில் கவிழ்த்தார்கள். நானும் கவிழ்த்தேன். துணி அலசிக்கொண்டிருந்த ஆச்சி ஒருவர் நிமிர்ந்து பார்த்து, "ஏய்யா, அத இங்கனயா ஊத்துதிய? கீழ பிள்ளைய குளிக்குல்லா" என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. எனக்குத்தான் முகம் சுண்டிப்போனது.

வீட்டுக்கு வந்ததும் வண்ண டியூப்களை எடுத்து, உள்ளே நிறம் தரும் பொருள் எது என்று காட்ட அவற்றின் மேல் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் நிறமிக் குறியீடுகளைப் பார்த்தேன். நீங்களும் பாருங்கள். மஞ்சளில் பி.ஒய். 35, சிவப்பில் பி.ஆர். 108 என்று இருந்தால் அதில் இருப்பது கேட்மியம் என்ற நச்சு உலோகம். நீலத்தில் பி.பி. 28 என்றால் கோபால்ட் என்ற இன்னொரு உலோகம். பெயருக்குப் பின்னால் 'ஹியூ' என்று போட்டிருந்தால், அதே சாயல் தரும் வேறு நிறமி. விலை குறைந்த பெட்டிகள் சிலவற்றில் குறியீடே இருப்பதில்லை. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத வண்ணத்தைப் பிள்ளைகள் கையில் கொடுக்க எனக்கு இப்போது மனம் வருவதில்லை.

கேட்மியம் உடம்பில் சேர்ந்தால் எளிதில் வெளியேறாது. சிறுநீரகத்தையும் எலும்பையும் கெடுக்கும். ஜப்பானில் ஜின்சு ஆற்றில் சுரங்கக் கழிவு கலந்து, அந்த நீர் பாய்ந்த வயல்களின் அரிசி வழியாக ஊர்மக்களைத் தாக்கிய 'இத்தாய் இத்தாய்' நோய்க்குக் காரணம் இதுதான் என்று அந்நாட்டு அரசு 1968-இல் ஏற்றுக்கொண்டது. 'வலிக்குது, வலிக்குது' என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். சுரங்கக் கழிவும் ஒரு குவளைத் தண்ணீரும் ஒன்றல்ல. வண்ணத்தில் உள்ள கேட்மியம் தண்ணீரில் எளிதில் கரைவதும் இல்லை. ஆனாலும் ஓவியர்கள் தூரிகை கழுவும் நீர் சாக்கடைக் கசடோடு வயலுக்குப் போய்ச் சேரும் என்று கவலைப்பட்டு, கேட்மியம் வண்ணங்களைத் தடைசெய்யச் சொல்லி ஸ்வீடன் 2013-இல் ஐரோப்பிய ஒன்றியத்திடம் போனது. ஆபத்து மிகக் குறைவு என்று 2015-இல் அந்தக் கோரிக்கை கைவிடப்பட்டது. அவர்கள் கவலைப்பட்டது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்ச் சேரும் தண்ணீருக்காக. நாம் நேராக ஆற்றில் ஊற்றுகிறோம். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும்வரை நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்கள் குடிப்பது இந்தத் தாமிரபரணியைத்தான்.

இப்போது ஆளுக்கு இரண்டு பாட்டில் கொண்டுபோகிறோம், ஒன்றில் நல்ல தண்ணீர், இன்னொன்று காலி. தூரிகையைக் குவளையில் முக்குவதற்கு முன் பழைய பருத்தித் துணியில் அழுத்தித் துடைத்துவிட வேண்டும். நிறத்தில் பெரும்பகுதி துணியிலேயே தங்கிவிடும், குவளை நீரும் சீக்கிரம் கலங்காது. மிச்ச அழுக்கு நீர் காலி பாட்டிலில் வீட்டுக்கு வரும். வண்ணத்தில் கோந்து இருப்பதால் நிறமி சட்டென்று அடியில் இறங்காது. கலங்கிய குடிநீருக்கு நம் வீடுகளில் படிகாரம் போடுவார்களே, அதே போல ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கி, இரண்டு நாள் ஆடாமல் வைக்கிறேன். தெளிந்த நீரை அகலமான தட்டில் ஊற்றி மொட்டைமாடியில் காயவிடுவேன். அடிக்கசடைப் பழைய செய்தித்தாளில் வழித்து, காய்ந்ததும் பொதிந்து, தூய்மைப் பணியாளரிடம் அபாயக் கழிவு என்று சொல்லித் தனியாகக் கொடுக்கிறேன். செடிக்கு ஊற்றலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம், கீரைப் பாத்திக்கு நிச்சயமாக வேண்டாம்.

இன்னொரு பழக்கம், தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்குவது. நானும் என் ஆசிரியரைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். ஆற்றுக்குப் போகும் தூரத்தைவிட வயிற்றுக்குப் போகும் தூரம் மிகக் குறைவு. ஈரத் துணியில் லேசாக உருட்டி எடுத்தாலே நுனி கூடிவிடும். வண்ணம் தொட்ட கையோடு முறுக்குப் பொட்டலத்தைப் பிரிக்கும் பிள்ளைகளையும் நிறுத்திக் கைகழுவச் சொல்கிறேன், வீட்டுக் குழாயில் பிடித்துவந்த தண்ணீரில்.

கேட்மியம் இல்லாமல் ஆற்றை வரைய முடியுமா என்று ஒரு மாணவி கேட்டாள். அல்ட்ராமரைன் நீலம், எல்லோ ஆக்கர் என்ற மண்மஞ்சள், பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு மூன்றையும் அவள் வண்ணத் தட்டில் வைத்தேன். பின்னவை இரண்டும் இரும்பு கலந்த மண் நிறங்கள். அல்ட்ராமரைனில் கன உலோகம் இல்லை. நீலத்தையும் ஆக்கரையும் குழைத்தால் வருகிற மங்கிய பச்சைதான் மருத மரத்து இலை. அதிலேயே சற்று நீர் கூட்டினால் ஆற்றில் விழும் அதன் நிழல். இருட்டான பொருளின் பிம்பம் நீரில் கொஞ்சம் வெளுத்துத்தான் தெரியும். மண்டபத்துக் கல்லுக்கு நீலமும் சியன்னாவும். நீரில் மினுங்கும் வெயிலுக்கு எந்த வண்ணமும் வேண்டாம், காகிதத்தின் வெள்ளையை அப்படியே விட்டுவிடலாம்.