ஆழம் பார்த்தல்: ‘சோஷியல் எக்ஸ்பெரிமென்ட்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

பதினைந்து நாள் பேச்சுமூச்சில்லாமல் இருந்த நண்பர் ஒருவர், ஒரு நாள் காலையில் எங்கள் எல்லாருக்கும் செய்தி அனுப்பினார். “நானாகக் கூப்பிடாவிட்டால் யார் யார் கூப்பிடுகிறீர்கள் என்று பார்த்தேன். சும்மா ஒரு சோஷியல் எக்ஸ்பெரிமென்ட்.” அந்தப் பதினைந்து நாளும் நான் அப்பாவோடு மருத்துவமனையில் இருந்தேன். கோபம் இரண்டு நாளில் ஆறிவிட்டது. ஆனால் அந்தச் சொல் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. அது எங்கிருந்து வந்தது, தமிழில் அதற்கு நிகர் எது என்று தேட ஆரம்பித்தேன்.

எக்ஸ்பெரிமென்ட் என்பதன் வேர் லத்தீன். முயன்று பார்த்தல் என்பது பொருள். அனுபவத்தைக் குறிக்கும் எக்ஸ்பீரியன்ஸும் அதே வேரில் கிளைத்ததுதான். அதோடு ‘சோஷியல்’ சேர்ந்தபோது, அது முதலில் பெரிய காரியங்களைத்தான் குறித்தது: ஓர் அரசு ஒரு சமூகத்தின் மீது ஒன்றை நடத்திப் பார்ப்பது. 1928இல், பின்னர் அமெரிக்க அதிபரான ஹெர்பர்ட் ஹூவர் அந்நாட்டின் மதுவிலக்கை மாபெரும் சமூக, பொருளாதாரப் பரிசோதனை என்று குறிப்பிட்டார். 1968இல் நியூ ஜெர்சியில், ஏழைக் குடும்பங்களுக்கு வருமான உதவி கொடுத்தால் அவர்கள் வேலை செய்வது குறையுமா என்று பார்த்தார்கள். இந்தப் பொருளில் ‘சமூகப் பரிசோதனை’ என்று மொழிபெயர்த்தால் குறையொன்றும் இல்லை.

சொல் அன்றாடத்துக்குள் இறங்கியது வேறு வழியில். அன்றாட வாழ்க்கையிலேயே இப்படிச் செய்து பார்த்தவர்களில் ஒருவர் அமெரிக்கச் சமூகவியலாளர் ஹரால்ட் கார்ஃபிங்கல். வீட்டுக்குப் போய் 15 நிமிடம் முதல் 1 மணி நேரம் வரை, குடியிருக்க வந்த அந்நியரைப் போல நடந்துகொள்ளுங்கள் என்று தம் மாணவர்களிடம் சொன்னார். அவர்களும் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்கள். எதற்கும் அனுமதி கேட்டார்கள். அளவுக்கு மீறி மரியாதை காட்டினார்கள். வீட்டார் திகைத்துப் போனார்கள். உடம்பு சரியில்லையா, வேலை போய்விட்டதா, யார் மேல் கோபம் என்று துளைத்தெடுத்தார்கள். பிறகு உண்மையைச் சொன்னபோதும் பலருக்குச் சிரிப்பு வரவில்லை. இனி இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம், நாங்கள் எலிகள் இல்லை என்று ஒரு வீட்டில் சொன்னார்கள். 1967இல் வெளியான அவருடைய ஆய்வுநூலில் நான் மறக்காத இடம் இதுதான்.

அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1970களின் தொடக்கத்தில், நியூயார்க் சுரங்க ரயிலில் காரணம் எதுவும் சொல்லாமல் இருக்கை கேட்கும்படி மாணவர்களை அனுப்பினார். கேட்கப்பட்டவர்களில் 68 சதவீதம் பேர் எழுந்தோ நகர்ந்தோ இடம் கொடுத்தார்கள். அதைவிட முக்கியம், மில்கிராமே கேட்கப் போனபோது நடந்தது. வார்த்தை தொண்டையில் சிக்கிக்கொண்டது. ஒருவழியாகக் கேட்டு உட்கார்ந்த பிறகு, இருக்கை கேட்டதற்கு நியாயம் வேண்டுமே என்று, உடம்பு சரியில்லாதவர் போலத் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். சோதிப்பவரையும் அது விடவில்லை.

மறைவாகக் கேமரா வைத்து மக்களைப் படம் பிடிக்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சி 1948இலேயே அமெரிக்காவில் தொடங்கிவிட்டது. இன்று அந்தக் கேமரா எல்லார் கையிலும் இருக்கிறது.

தமிழுக்கு வருவோம். ‘சமூகச் சோதனை’ என்று நேரடியாகப் பெயர்ப்பது நெருடுகிறது. சோதனை வடமொழியிலிருந்து வந்த சொல். தூய்மைப்படுத்துதல் என்பது அதன் அடிப்பொருள். தமிழில் அதன் கிளைகள் வேறாகப் படர்ந்துவிட்டன. ‘வீட்டைச் சோதனை போட்டார்கள்’ என்றால் தேடல். ‘கடவுளே, என்ன சோதனை’ என்றால் துன்பம். சமூகச் சோதனை என்றதும் சமூகத்துக்கு ஏதோ துன்பம் வந்ததுபோல் காதில் விழுகிறது.

நமக்குள்ளேயே அருமையான ஒரு கருவி இருக்கிறது: ‘பார்’ என்ற துணைவினை. செய்து பார், கேட்டுப் பார், சொல்லிப் பார். ஒன்றைச் செய்வதும் விளைவைக் கவனிப்பதும் இந்த ஒரே தொடரில் அடங்கிவிடுகின்றன. எக்ஸ்பெரிமென்ட் என்பதும் அதுதானே? மனிதர் மீது செய்து பார்ப்பதற்கு இதிலேயே எத்தனை நுட்பங்கள்! ஒருவர் மனநிலையை அறிய நாடி பிடித்துப் பார்க்கிறோம். சம்மதிப்பாரா என்று நூல் விட்டுப் பார்க்கிறோம். பொறுமையின் எல்லையைச் சீண்டிப் பார்க்கிறோம். தெருவில் போகிறவரைப் பதறவைத்துப் படம் பிடிக்கும் காணொளிகளுக்குச் ‘சீண்டிப் பார்த்தல்’ என்பதே சரியான பெயர். அதில் ஆய்வு எதுவும் இல்லை. நண்பர் செய்ததற்கு ஆழம் பார்த்தல் என்று பெயர்.

ஆளைச் சோதிப்பதைப் பற்றிப் பழைய நூல்களிலும் பேச்சு உண்டு. அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்ற நான்கால் ஒருவனை ஆராய்ந்து தெளிய வேண்டும் என்கிறது 501ஆம் குறள். பரிமேலழகர் இந்த நான்கையும் ‘உபதை’ என்கிறார். ஆள் விட்டு, பொய்யான ஒரு சூழலைக் கட்டி, அமைச்சனாகப் போகிறவன் மனத்தை அறிவது. அரசு நடத்துவதற்காகச் சொன்னது அது. அதே அதிகாரத்தில், ஒருவரின் பெருமைக்கும் சிறுமைக்கும் அவரவர் செயலே கட்டளைக்கல் என்ற குறளும் இருக்கிறது. கட்டளைக்கல் என்பது பொன்னின் மாற்று அறிய உரைத்துப் பார்க்கும் உரைகல். பழகிய ஆளை அறிய அவர் இதுவரை செய்ததைப் பார்த்தால் போதும் என்பதே என் கட்சி. தனியாக ஒரு நாடகம் எதற்கு?

ஆக, அரசுத் திட்டத்துக்குச் சமூகப் பரிசோதனை. ஆய்வாளர் வெளியில் இறங்கிச் செய்வதற்குக் களப் பரிசோதனை. வீட்டிலும் நட்பிலும் நடப்பதற்கு ஆழம் பார்த்தல். மூன்றாவதை நான் வற்புறுத்த இலக்கணக் காரணம் ஒன்று உண்டு. ‘சோஷியல் எக்ஸ்பெரிமென்ட் செய்தேன்’ என்றால் வாக்கியம் அங்கேயே முடிந்துவிடுகிறது. யார் மீது என்று சொல்லத் தேவையில்லை. ‘ஆழம் பார்த்தேன்’ என்றால் உடனே ‘யாரை?’ என்ற கேள்வி எழும். ‘என்னை ஆழம் பார்க்கிறாயா?’ என்று, பார்க்கப்பட்டவர் வாயிலிருந்துதான் இந்தத் தொடரை நாம் அதிகம் கேட்டிருக்கிறோம்.

நண்பரின் செய்தியைத் தமிழில் எழுதினால் “உங்களையெல்லாம் பதினைந்து நாள் ஆழம் பார்த்தேன்” என்று வரும். அப்படி எழுத அவருக்குக் கை வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.