‘முட்டி தேஞ்சு போச்சு’

“தேஞ்சு போச்சுன்னு சொல்லிட்டாங்க தம்பி. இனி என்ன இருக்கு?”

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என்னிடம் பிசியோவுக்கு வரும் தோட்டத்து அம்மாக்கள் பலரும் பேச்சை இப்படித்தான் தொடங்குகிறார்கள். இரண்டு மாதம் முன்பு வந்தவர் முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு நின்று, மரத்துக்கு மரம் குனிந்து, பால் வாளி சுமந்த கால்கள். எக்ஸ்ரே எடுத்த நாளிலிருந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். கோயிலுக்குக்கூடப் போவதில்லை.

எழுந்திருக்கச் சொன்னேன். இரண்டு கையையும் தொடையில் ஊன்றி, முன்னும் பின்னும் ஆடி, மூன்றாம் முறைதான் எழ முடிந்தது. தொடைச் சதை வற்றிப் போயிருந்தது. முட்டியைத் தாங்க வேண்டியதே அந்தச் சதைதான்.

‘தேய்மானம்’ என்றால் லாரி டயர்தான் நினைவுக்கு வருகிறது. ஓட்டாமல் வைத்தால் மிச்சமாகும் என்று தோன்றும். மூட்டு அப்படியில்லை. எலும்பு முனையை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் ஊறும் திரவம்தான் அதற்குச் சாப்பாடு. நடக்கும்போது பஞ்சு மாதிரி அமுங்கி விரிந்துதான் அதை உறிஞ்சுகிறது. குருத்தெலும்பில் நரம்பும் இல்லை. அடியிலுள்ள எலும்பும் சுற்றியுள்ள சவ்வும்தான் வலிக்கின்றன. அதனால்தான் படத்தில் மோசமாகத் தெரியும் முட்டியோடு சிலர் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தை முழுக்கச் சுற்றி வருகிறார்கள்.

இந்த மூட்டுத் தேய்மான நோயில் காலையில் எழும்போது வரும் விறைப்பு பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும். அதற்கு மேல் நீடித்தாலோ, மூட்டு சிவந்து சூடானாலோ டாக்டரைப் பாருங்கள். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடியிலும் முட்டிக்கு ஏறத்தாழ நான்கு கிலோ பாரம் குறைகிறது.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். ஒரே நாளில் வலியைப் போக்கும் பெயர் தெரியாத ஜாமு (மூலிகை மருந்து) மாத்திரை வேண்டாம். அப்படிப்பட்ட பொருள்களில் டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. பாக்கெட்டோடு கிளினிக்குக்குப் போங்கள்.

அந்த அம்மாவுக்கு நான் கொடுத்த வேலை சின்னதுதான்: நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை நீட்டி, ஐந்து எண்ணி, மெதுவாக இறக்க வேண்டும். காலுக்குப் பத்து முறை. அப்புறம் வீட்டு வாசலிலிருந்து கோயில் வரை நடை. சாயங்காலம் இன்னும் வலிக்கிறது என்கிறார். போன வாரம் பார்த்தேன், வலது முட்டி வலிக்கிறதென்று வலது கையிலேயே தடியை ஊன்றி வந்தார். இடது கைக்கு மாற்றிக் கொடுத்தேன்.