கௌபாய் பூட்ஸும் சவானாவின் கல் தெருவும்

ஞாயிறு காலையில் எங்கள் அர்ஜென்ட் கேர் கிளினிக்கின் வரவேற்பறையை ஒரு பார்வை பார்த்தால் போதும், சனிக்கிழமை ராத்திரி சவானாவில் என்ன நடந்தது என்று தெரிந்துவிடும். இளஞ்சிவப்புத் தொப்பி, குஞ்சம் தொங்கும் ஜாக்கெட், கையில் ஒற்றை பூட்ஸ். கல்யாணத்துக்கு முன் தோழிகள் மணப்பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றும் பேச்சிலரெட் கூட்டம்தான். கொஞ்ச வருடங்களாக இவர்களில் பாதிப் பேருக்குக் கௌபாய் வேஷம். 1733-ல் ஆங்கிலேயர் அமைத்து, பருத்தி ஏற்றுமதியில் பணம் பார்த்த இந்த அமெரிக்க ஜார்ஜியா மாநிலத் துறைமுகத்துக்கும் கௌபாய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். வேஷத்தில் எனக்கு ஆட்சேபணை இல்லை. காலில் மாட்டுவதில்தான் இருக்கிறது.

ஒரு மணப்பெண்ணைத் தோழிகள் இரண்டு பேர் தாங்கிப் பிடித்து அழைத்து வந்தார்கள். வெள்ளை பூட்ஸ், அன்றைக்குத்தான் பெட்டியிலிருந்து எடுத்தது. பே ஸ்ட்ரீட்டிலிருந்து ஆற்றங்கரை ரிவர் ஸ்ட்ரீட்டுக்கு இறங்கும் பழைய கல் படியில் கால் பிசகி, வலியோடு மேலும் இரண்டு மணி நேரம் ஆடியிருக்கிறாள். கணுக்கால் வீங்கி பூட்ஸுக்குள் இறுகிவிட்டது. கத்தரியை எடுத்ததும் "வெட்டிடாதீங்க டாக்டர், கல்யாணத்துக்கும் இதைத்தான் போடப்போறேன்" என்று அழுதாள். வெட்டத்தான் வேண்டியிருந்தது.

அந்தப் படிகளைப் பார்த்தவர்களுக்குப் புரியும். ஒவ்வொன்றும் ஒரு உயரம், செங்குத்து வேறு. பழைய படி, உங்கள் பொறுப்பில் இறங்குங்கள் என்று அங்கே பலகையே வைத்திருக்கிறார்கள். கீழே தெருவில் பாவியிருப்பது கப்பல் கற்கள். பருத்தி ஏற்ற வந்த கப்பல்கள் பாரத்துக்காக அடியில் கல் போட்டுக்கொண்டு வந்து, இங்கே இறக்கிவிட்டுப் போன கற்கள் அவை. ஒன்றுக்கொன்று மட்டமாக இருக்காது; மழை பெய்தால் வழவழவென்று ஆகிவிடும். கௌபாய் பூட்ஸோ குதிரை மேல் உட்காருவதற்குச் செய்தது. சேணத்தில் தொங்கும் கால் வளையமான அங்கவடியில் சட்டென்று நுழைந்து வெளியே வர அடித்தோல் வழுவழுப்பு. கால் அதிலேயே நிற்க, உள்ளே சாய்ந்த குதிகால். இரண்டும் அந்தக் கல்லில் நடக்க உதவாது.

சரி, பூட்ஸ் வேண்டும் என்றால் போடுங்கள். மாலையில் போய் வாங்குங்கள், பகலெல்லாம் நடந்து கால் சற்று உப்பியிருக்கும் நேரம் அது. புதிதில் குதிகால் லேசாக வழுக்கினால் பரவாயில்லை. விரல்கள் நெருக்கப்படக் கூடாது. செருப்பு தைப்பவரிடம் கொடுத்து அடியில் மெல்லிய ரப்பர் ஒட்டச் சொல்லுங்கள். வாங்கியதிலிருந்து இரண்டு வாரமாவது வீட்டில் போட்டு நடந்து பழக வேண்டும். பருத்திக் காலுறை வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கொப்புளத்துக்கு அதுவே போதும். கம்பளி கலந்தது நல்லது. கொப்புளம் வந்த பிறகு ஒட்டும் பிளாஸ்டர் ஆறுதலுக்குத்தான். குதிகாலில் டேப்பை முன்கூட்டியே ஒட்டிவிட வேண்டும்.

கால் பிசகினால் முதல் வேலை, வீக்கம் ஏறுவதற்குள் பூட்ஸைக் கழற்றுவது. கணுக்கால் கோணலாகத் தெரிந்தாலோ, இழுக்கும்போது உயிர் போகிற வலி என்றாலோ இழுக்காதீர்கள், அப்படியே வாருங்கள். கனடாவின் ஒட்டாவாவில் 1992-ல் வகுத்த விதியைத்தான் நாங்களும் பார்க்கிறோம்: கணுக்கால் வலியோடு நான்கு அடி வைக்க முடியவில்லை, அல்லது கணுக்காலின் இரு பக்கமும் புடைத்திருக்கும் எலும்பு முட்டுகளில் ஏதாவது ஒன்றின் பின்விளிம்பையோ நுனியையோ அழுத்தினால் வலிக்கிறது என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

அட்லாண்டாவிலிருந்து நான்கு மணி நேரம் கார் ஓட்டி வந்த தமிழ்ப் பெண்கள் கூட்டமும் ஒரு தடவை வந்தது. "ஆண்ட்டி, அம்மா ஃபோன்ல எண்ணெய் போட்டு உருவிவிடச் சொன்னாங்க" என்றாள் ஒருத்தி. உருவியும் விட்டிருக்கிறார்கள். வீக்கம் இரண்டு மடங்கு. முதல் இரண்டு மூன்று நாள் உருவக் கூடாது, சுளுக்கு எடுக்கக் கூடாது. காலைத் தூக்கி வைத்து, துணி சுற்றிய ஐஸ் பதினைந்து நிமிடம், மேலே கிரேப் பேண்டேஜ். அம்மாவிடம் நானே பேசிச் சமாதானம் செய்தேன்.

மதுவைப் பற்றிப் பேசாமல் இந்த ஊரைப் பற்றிப் பேச முடியாது. பழைய நகரப் பகுதியில், 21 வயதானவர்கள் 16 அவுன்ஸ் வரை பிளாஸ்டிக் கப்பில் ஊற்றித் தெருவிலேயே குடித்துக்கொண்டு நடக்கலாம்; பாட்டிலும் கேனும் கூடாது. கப் காலியாக ஆக, கால் எங்கே படுகிறது என்ற உணர்வு மங்கும். பத்தாததற்கு ஜூலை வெயில் 33 டிகிரி செல்சியஸ், புழுக்கம் அதற்கு மேல். ஒரு கப்புக்கு ஒரு பாட்டில் தண்ணீர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வியர்வையில் நனைந்தபடி ஒருத்தி பேச்சுக் குழறி, யார் எவர் என்று தெரியாமல் விழித்தால் போதை என்று விட்டுவிடாதீர்கள். உடனே 911. ஆம்புலன்ஸ் வரும்வரை நிழலில் கிடத்தித் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு சரியில்லாதவள் வாயில் தண்ணீர் புகட்டக் கூடாது.

என்னைக் கேட்டால், பூட்ஸ் போட்டோ எல்லாவற்றையும் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஃபோர்சித் பார்க் நீரூற்றின் முன் முடித்துவிடுங்கள். வெயில் ஏறியிருக்காது, தரை சமம், கூட்டமும் குறைவு. அப்புறம் பூட்ஸைக் காரில் போட்டுவிட்டு ஸ்னீக்கர்ஸ். அங்கிருந்து ஆற்றங்கரை ஒரு மைல் சொச்சம், நடுவில் ஓக் மர வேர்கள் தூக்கிவிட்ட செங்கல் நடைபாதை. ராத்திரி ரிவர் ஸ்ட்ரீட்டில் யாரும் உங்கள் காலைப் பார்த்துப் போட்டோ எடுப்பதில்லை.